மூளையின் இரு பாதியும் மனமும்: வாசகர் கேள்வி – பதில்

உணர்ச்சிக்கும் மூளையின் இட, வலப் பாதிகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பக்கவாதம் கண்ட வீடுகளிலிருந்து வந்தவை. அவற்றுக்கே முதலிடம் தந்திருக்கிறோம். நரம்பியல், பேச்சுப் பயிற்சி, மனநலம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. எட்டு மாதத்துக்கு முன்பு மூளையின் வலப்பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தது. தெளிவாகப் பேசுகிறார், கடைக் கணக்கும் பார்க்கிறார். ஆனால் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைச் சொன்னபோதும் ‘சரி’ என்று ஒரே சொல்தான். நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாலும் கவனிப்பதில்லை. பாசமே போய்விட்டதா?
– வாசகி, செந்தூல்

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பது வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் அடிக்கடி காணும் குறைபாடு போலத் தெரிகிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினருக்குச் சொல்லும் இலக்கணமும் இடப்பாதியைச் சார்ந்தவை. குரலின் ஏற்ற இறக்கத்திலும், அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கண்டுகொள்வதிலும் வலப்பாதிக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் கணவருக்கு இடப்பாதி தப்பியதால் கணக்கும் வாக்கியமும் தப்பின, தொனி அடிபட்டுவிட்டது. அமெரிக்க நரம்பியலாளர் எலியட் ராஸ் 1981-இல் இதை வகைப்படுத்தினார். வலப்பாதியின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் தொனியை வெளிப்படுத்த முடியாது, பிறர் தொனி புரியும். பின்பகுதி பாதிக்கப்பட்டால் பிறர் தொனி பிடிபடாது. இரண்டும் சேர்ந்தே போவதும் உண்டு. ஸ்கேன் படத்தோடு ஒப்பிடும்போது இந்த வகைப்பாடு எல்லாருக்கும் அப்படியே பொருந்துவதில்லை. ஆனாலும் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு தாளில் மகிழ்ச்சி, சோகம், கோபம், சாதாரணம் என்று நான்கு சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாகப் பெரிதாக எழுதுங்கள். அதை அவருக்கு முன்னால் சற்று வலப்புறம் தள்ளி வையுங்கள். வலப்பக்க ஸ்ட்ரோக் வந்தவர்கள் தங்கள் இடப்புறத்தில் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது சகஜம். பிறகு உங்கள் முகம் தெரியாதபடி அவருக்குப் பின்னால் நின்று, ‘பிள்ளைங்க வந்துட்டாங்க’ என்ற ஒரே வாக்கியத்தை நான்கு தொனியிலும் வரிசை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். தொனிக்கு மூன்று தடவை வீதம் மொத்தம் 12. அவர் சொல்லைத் தொட்டுக் காட்டட்டும். குருட்டாம்போக்கில் தொட்டாலே சராசரியாக மூன்று சரியாக வந்துவிடும். ஆகவே நான்கைந்து மட்டும் சரி என்றால் தொனி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். பத்துக்கு மேல் சரி என்றால் உங்கள் தொனி அவருக்குப் புரிகிறது, தம்முடையதைத்தான் காட்ட முடியவில்லை. அடுத்து அதே வாக்கியத்தை அவரை நான்கு விதமாகச் சொல்ல வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இது நோய்நிர்ணயம் ஆகாது. ஆனால் பேச்சுப் பயிற்சியாளருக்கு அந்தப் பதிவு மிகவும் உதவும். ஏனென்றால் வலப்பக்க ஸ்ட்ரோக் வந்தவர் தெளிவாகப் பேசுவதால், பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பும் எண்ணமே பல நேரம் யாருக்கும் வருவதில்லை. நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இந்தப் பிரிவு உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் நாசாம் எனப்படும் தேசிய பக்கவாதச் சங்கத்தின் மறுவாழ்வு நிலையமும் இருக்கிறது.

பயிற்சியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் பயிற்சியாளர் ஒரு வாக்கியத்தைத் தொனியோடு சொல்வார், அடுத்து இருவரும் சேர்ந்து சொல்வார்கள், பிறகு உங்கள் கணவர் மட்டும் திருப்பிச் சொல்வார், கடைசியில் முன்மாதிரி இல்லாமலே சொல்வார். துணை படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். இன்னொன்று அட்டை முறை. உணர்ச்சியின் பெயர் ஓர் அட்டையில், அதற்குக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது இன்னோர் அட்டையில் (‘கோபம்: சத்தம் கூட, வேகம் கூட’ என்பதுபோல), முகத்தின் படம் மூன்றாவதில். அவற்றைப் பார்த்துச் சொல்லிப் பழகியதும் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். சிறிய குழுக்களில் இவை பலன் தந்திருக்கின்றன.

பயிற்சி பலிக்கும்வரை வீட்டார் மாற வேண்டியது முக்கியம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவருக்குத் தெரியாது. ‘எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, பக்கத்துல வந்து உக்காருங்க’ என்று சொல்லாகவே சொல்லுங்கள். குத்தல் பேச்சும் ஜாடைப் பேச்சும் வேண்டாம். ‘குப்பை அப்படியே கெடக்குது’ என்றால் அவர் அதை ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொள்வார். ‘குப்பையை வெளிய வச்சிடுங்க’ என்றால் வைப்பார். அவரும் தம் உணர்வைச் சொல்லால் சொல்லப் பழகட்டும். ‘எனக்குச் சந்தோஷம்’ என்று தட்டையான குரலில் சொன்னாலும் அதை மெய்யாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. இத்தகையவருக்கு மனச்சோர்வு வந்தால் முகமும் குரலும் அதைக் காட்டிக்கொடுக்காது. தூக்கம், பசி, பிடித்த காரியங்களில் நாட்டம், ‘வாழ்ந்து என்ன பயன்’ என்ற எண்ணம், இவற்றை மாதம் ஒருமுறையாவது நேரடியாகக் கேளுங்கள். சோர்வே இல்லாமல் எதிலும் முனைப்பு மட்டும் அற்றுப்போவதும் உண்டு. அதற்கான சிகிச்சை வேறு. எது எது என்று பிரித்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு இடப்பக்க மூளையில் ஸ்ட்ரோக் வந்து பேச்சு நின்றுவிட்டது. யாராவது பார்க்க வந்தாலே விம்மி விம்மி அழுகிறார். வந்தவர் போனதும் சட்டென்று நின்றுவிடுகிறது. இடப்பக்கம் அடிபட்டால் சோகம் வரும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இத்தாலிய நரம்பியலாளர் குய்டோ கைனோட்டி 1972-இல் வெளியிட்ட ஆய்வில், இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் அழுகை, பதற்றம், ஆத்திரம் என்று கொந்தளிப்பதும், வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் எதுவும் நடக்காததுபோல் அலட்சியமாக இருப்பதும் அதிகம் என்று காட்டினார். பிறகு, இடப்பக்க முன்மூளை பாதிப்புதான் மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்ற கருத்து 1980-களில் பரவியது. ஆனால் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் இதழ் 2000-இல் வெளியிட்ட அலசல், பாதிப்பு எந்தப் பக்கம் என்பதற்கும் மனச்சோர்வுக்கும் உறுதியான தொடர்பு இல்லை என்றே முடித்தது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. எந்தப் பக்கம் என்றாலும் வரலாம்.

உங்கள் அம்மாவின் அழுகை மூன்றில் எது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, கட்டுக்கு அடங்காத அழுகை. முன்மூளையிலிருந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் போகும் பாதைகள் அறுபடும்போது அழுகைக்கும் சிரிப்புக்கும் இருக்கும் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. சின்னத் தூண்டல் போதும். சில வினாடியோ சில நிமிடமோ இருந்துவிட்டுச் சட்டென்று நிற்கும். உள்ளே அவ்வளவு துக்கம் இருக்காது. சிலருக்குத் துக்கமே இருக்காது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த வகையை ஒத்திருக்கிறது.

இரண்டாவது, முடியாமையின் கொந்தளிப்பு. பேசச் சொல்லி வற்புறுத்தும்போது, பெயரைக் கேட்டுச் சோதிக்கும்போது, சொல் வராத தவிப்பில் வியர்த்து, கையை உதறி, அழுது, முகத்தைத் திருப்பிக்கொள்வது. அந்தக் கேள்வியை நிறுத்தினால் தணிந்துவிடும்.

மூன்றாவது, மெய்யான மனச்சோர்வு. இது வந்தவர் போனதும் நிற்காது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும் இருக்கும். சாப்பாடு குறையும், விடியுமுன்னே விழித்துக்கொள்வார், பயிற்சிக்கு வர மறுப்பார், பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலராது. பேச முடியாதவரிடம் இதைக் கேட்டு அறிய முடியாது என்பதால், பராமரிப்பவரே நிரப்பக்கூடிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. ‘பேச முடியாத நோயாளியின் மனச்சோர்வை அளக்கும் படிவம்’ என்று பினாங்கு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவிலோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஒருவரிடமே இருக்கலாம் என்பதால், ஒன்று தெரிந்ததும் மற்றதைத் தேடாமல் விட வேண்டாம்.

ஒரு வாரத்துக்குக் குறிப்பேடு வையுங்கள்: அழுத நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, எத்தனை நிமிடம், எப்படி நின்றது. மருத்துவருக்கு இந்த நான்கு பத்தி போதும். பார்க்க வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ‘ஐயோ, எப்படி இருந்த மனுஷி!’ என்று கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் அழுகை வெடிக்காமல் என்ன செய்யும்? வந்தவர்கள் சாதாரணமாகப் பேச வேண்டும். அழுகை வந்தால் கூட்டமாகக் கூடித் தேற்றாமல், ஒரு நிமிடம் பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அம்மாவுக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுங்கள்: தொண்டை அடைப்பதுபோல் தோன்றிய உடனே பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பி, தோளைத் தளர்த்தி, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து நீளமாக விடுவது. விம்மல் முற்றிய பிறகு இது உதவாது, ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். ‘இது நோயால் வருகிற அழுகைம்மா, உங்க மேல தப்பில்ல’ என்று அடிக்கடி சொல்லுங்கள். பேச முடியாவிட்டாலும் பலருக்குக் கேட்டால் புரியும், அந்த வெட்கம்தான் அவர்களை அரிக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் தினமும் பலமுறை வந்தால் மருந்து இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் இந்த அழுகையையும் குறைக்கும். மனச்சோர்வு தணியப் பல வாரம் ஆகும், இதற்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரியலாம். முதியவர்களுக்கு இந்த மாத்திரை இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடக்கூடும். தலைச்சுற்றல், குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை தேவை. ஸ்ட்ரோக்குக்காக ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவருக்கு இரத்தக்கசிவு அபாயம் சற்றுக் கூடும், ஆகவே எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நன்றாகிவிட்டது என்று தாமாக நிறுத்த வேண்டாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவைச் சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறது. பேரன் சேட்டையைப் பார்த்து அவராகச் சிரிக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக விரிகிறது. நடிக்கிறாரா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: நடிப்பே இல்லை. வேண்டுமென்று சிரிப்பதற்கு ஒரு பாதை, தானாக வரும் சிரிப்புக்கு வேறு பாதை. முகத்தின் கீழ்ப்பாதியை இயக்கும் கட்டளை எதிர்ப்பக்க மூளையின் இயக்கப் புறணியிலிருந்து வருகிறது. அது மட்டும் பாதிக்கப்பட்டவருக்குச் சொன்னால் சிரிக்க வராது, சிரிப்பு வந்தால் சிரிப்பார். இதற்கு நேர்மாறாகவும் உண்டு: சொன்னால் இரு பக்கமும் சரியாக விரியும், மெய்யாகச் சிரிக்கும்போது ஒரு பக்கம் அசையாது. தலாமஸ் என்ற மூளையின் நடுப்பகுதி அல்லது முன்மூளையின் உட்பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் இதைக் காணலாம். குடும்பப் படம் எடுக்கும்போது ‘சிரிங்கப்பா’ என்று சொல்லாமல் பேரனை எதிரில் நிறுத்தினால் நல்ல படம் கிடைக்கும்.

ஆனால் இதுவரை சரியாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், தானாகச் சிரிக்கிறாரே என்று காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூளை இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அந்த நேரத்திலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

கேள்வி: எங்கள் பள்ளிச் சுவரில் ‘இடமூளை – அறிவு, வலமூளை – உணர்ச்சி’ என்று ஒரு படம் மாட்டியிருக்கிறது. மாணவர்களையும் அப்படியே பிரித்துப் பேசுகிறார்கள். சரியா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலாலம்பூர்

பதில்: அந்தப் படத்தைக் கழற்றிவிடலாம். அதன் வேர் உண்மையான ஆராய்ச்சியில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. கடுமையான வலிப்பு நோயாளிகள் சிலருக்கு, 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில், இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புக் கற்றையை அறுத்தார்கள். அதில் ஏறக்குறைய 20 கோடி இழைகள் உண்டு. அவர்களை ரோஜர் ஸ்பெரியும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. கூச்சம் தரும் ஒரு படத்தை இடப்பக்கப் பார்வைக்கு மட்டும் கண்ணிமைக்கும் நேரம் காட்டினால் அது வலப்பாதிக்குத்தான் போகும். அப்படிக் காட்டியபோது ஒரு நோயாளி முகம் சிவந்து சிரித்தார். என்ன பார்த்தீர்கள் என்றால், ஒன்றும் பார்க்கவில்லை என்றார். படம் என்ன என்ற செய்தி பேசும் பாதிக்கு வந்து சேரவில்லை; வெட்க உணர்வு மட்டும் வந்துவிட்டது. மூளையின் அடிப்பகுதி இரு பாதிகளுக்கும் பொதுவாக, அறுக்கப்படாமல் இருந்ததே காரணம். உணர்ச்சி ஒரு பாதிக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை என்பதற்கு இந்தச் சோதனையே நல்ல சான்று. அச்சத்தோடு நெருங்கிய தொடர்புள்ள அமிக்டலாவும் பாதிக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன.

‘மகிழ்ச்சி இடம், துயரம் வலம்’ என்ற இன்னொரு கொள்கையும் உண்டு. பிறகு அதை ‘நெருங்கத் தூண்டும் உணர்ச்சி இடம், விலகத் தூண்டும் உணர்ச்சி வலம்’ என்று திருத்தினார்கள். கோபம்தான் இந்தத் திருத்தத்துக்கு வலுச் சேர்த்தது: கோபம் இனிய உணர்ச்சி அல்ல, ஆனால் எதிராளியை நோக்கிப் போகச் செய்கிறது, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையில் இடப்பக்க முன்மூளையோடு சேர்ந்து வருகிறது. இதுவும் முழு விடை இல்லை. 65 மூளைப்பட ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வந்த அலசல், உணர்ச்சி மொத்தமாக வலப்பாதிக்குச் சொந்தம் என்பதை ஆதரிக்கவில்லை.

மாணவர்களைப் பிரிப்பதற்கோ ஆதாரமே இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 7 முதல் 29 வயது வரையுள்ள 1,011 பேரின் மூளைப்படங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். சில பணிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் ‘இடமூளைக்காரர்’, ‘வலமூளைக்காரர்’ என்று சொல்லும்படி ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் ஓங்கிய ஆட்கள் தென்படவில்லை. கணக்கு வராத பிள்ளைக்கு ‘நீ வலமூளைக்காரன்’ என்று முத்திரை குத்தினால் அவன் கணக்கை முயல்வதையே விட்டுவிடுவான். எங்கள் கவலை அதுதான்.

கேள்வி: ‘வலமூளையைத் திறக்கிறோம், குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பான், கோபமும் குறையும்’ என்று இரண்டு நாள் வகுப்புக்குப் பல நூறு ரிங்கிட் கேட்கிறார்கள். மகனுக்கு 8 வயது. சேர்க்கலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டாம். மூளையில் திறக்க வேண்டிய கதவு எதுவும் மூடிக் கிடக்கவில்லை. கண்ணைக் கட்டிப் படிப்பது மூக்கின் இரு பக்கமும் இருக்கும் இடைவெளி வழியாகத்தான். பிள்ளை தலையைச் சற்று நிமிர்த்திக் கன்னத்தருகே அட்டையைக் கொண்டுவருவதைக் கவனித்தால் தெரியும். சோதிக்க எளிய வழி: நீச்சல் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பு டேப்பை ஒட்டி, விளிம்பில் வெளிச்சம் வராமல் அணிவியுங்கள், அல்லது அட்டையை அவன் தலைக்குப் பின்னால் பிடியுங்கள். ‘படிப்பு’ நின்றுவிடும். இதில் பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லப் பிள்ளை பழகுகிறான், பெரியவர்கள் கைதட்டுகிறார்கள்.

கோபத்துக்கு வேண்டியது வேறு. உடம்பில் என்ன நடக்கிறது (கை இறுகுகிறது, முகம் சுடுகிறது) என்று கவனித்து, அதற்குப் பெயர் சொல்லிப் பழக்குங்கள். கோபம் தணிந்த பிறகு பழக்க வேண்டும், உச்சத்தில் இருக்கும்போது ஒன்றும் ஏறாது.

கேள்வி: என் மகள் இடக்கைக்காரி. அவளுக்கு மூளை தலைகீழா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பெரும்பாலும் இல்லை. மக்களில் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். அவர்களிலும் 70 விழுக்காட்டினருக்கு மொழி இடப்பாதியில்தான். மீதிப்பேருக்கு வலத்திலோ இரண்டிலுமோ பரவியிருக்கும். கையை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: தாத்தாவுக்கு இடப்பக்க ஸ்ட்ரோக். ‘தண்ணி’ என்று கேட்க வரவில்லை. ஆனால் கோபம் வந்தால் கெட்ட வார்த்தை கணீரென்று வருகிறது, தேவாரமும் தடங்கலில்லாமல் பாடுகிறார். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரோ என்று பாட்டிக்கு வருத்தம்.
– வாசகி, பிறை

பதில்: பாட்டியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய நரம்பியலாளர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். யோசித்துச் சொல்லைத் தேடி எடுப்பது இடப்பாதியின் மொழிப் பகுதிகளைச் சார்ந்தது. வசவு, எண்ணுப்பாடம், கிழமைகள், பிரார்த்தனை, மனப்பாடப் பாடல் இவை காலகாலமாகப் பழகித் தானாக வருபவை. வலப்பாதியும் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளும் இவற்றைத் தாங்கி நிற்பதாகக் கருதப்படுகிறது. தாத்தா அந்த வசவைத் தேர்ந்தெடுத்துச் சொல்லவில்லை, அதுவாக வெளியே விழுகிறது. திட்ட வேண்டாம்.

தானாக வரும் சொல்லை அவர் விருப்பப்படி வரும் சொல்லாக மாற்ற ஒரு முறை உண்டு. ஒரு வாரம் அவர் வாயிலிருந்து தானாக விழும் நல்ல சொற்களையெல்லாம் (‘ஐயோ’, ‘முருகா’, ‘போதும்’, ‘வா’) எழுதி வையுங்கள். அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் வருவதை வைத்துக்கொண்டு, வராததை எடுத்துவிடுங்கள். அட்டையில் இல்லாத வேறு சொல்லைச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஓர் அட்டை போடுங்கள். வாசிக்க வந்த பிறகு படத்தைப் பார்த்துச் சொல்வது, அதற்குப் பிறகு பேச்சில் பயன்படுத்துவது. அடிப்படை விதி ஒன்றுதான்: நாம் விரும்பும் சொல்லைத் திணிக்காமல், அவரிடம் இருக்கும் சொல்லிலிருந்து தொடங்குவது.

பாட்டைப் பயன்படுத்தும் சிகிச்சையை 1973-இல் பாஸ்டன் மருத்துவர்கள் அறிமுகப்படுத்தினார்கள். கேட்டால் ஓரளவு புரியும், பேச வராது, வலப்பாதி நன்றாக இருக்கிறது என்பவர்களுக்கு இது ஏற்றது. ‘தண்ணி வேணும்’ போன்ற சிறு தொடரை எடுத்துக்கொண்டு, பேச்சில் இயல்பாக உயரும் அசைக்கு மேல் சுரம், மற்றவற்றுக்குக் கீழ்ச் சுரம் என்று இரண்டே சுரத்தில் அமைப்பார்கள். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ ஓர் அசை. நோயாளியின் இடக்கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டு. முதலில் வாய் மூடி ரீங்காரம், பிறகு சேர்ந்து பாடுவது, பாதியில் பயிற்சியாளர் குரலை நிறுத்திக்கொள்வது, அவர் மட்டும் பாடுவது, கடைசியாக ‘என்ன வேணும்?’ என்ற கேள்விக்கு அதையே பதிலாகச் சொல்வது. பிறகு இராகத்தைக் கழற்றிச் சாதாரணப் பேச்சாக்குவார்கள். வாரத்துக்கு ஐந்து நாளாவது செய்ய வேண்டும்.

தவறு எங்கே நேர்கிறது என்றால், தேவாரத்தையே தினமும் பாட வைத்தால் பேச்சு வந்துவிடும் என்று இருந்துவிடுவதில். பாட்டுச் சொல் பாட்டுக்குள்ளேயே நின்றுவிடும். பாடட்டும், அவருக்கு அது நிம்மதி. பயிற்சிக்கு வேண்டியது அன்றாடத் தேவைக்கான புதுத் தொடர். பயிற்சி செய்த தொடர்கள் நன்றாகத் தேறும். தடையற்ற பேச்சுக்கு அது பரவுவது குறைவு. எனவே தாத்தாவுக்கு உண்மையில் தேவைப்படும் பத்துப் பதினைந்து தொடர்களை முதலில் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: இடகலை (இட நாசி மூச்சு) வலமூளையையும் பிங்கலை (வல நாசி மூச்சு) இடமூளையையும் அமைதிப்படுத்தும் என்று யோகா வகுப்பில் சொல்கிறார்கள். அறிவியல் ஏற்கிறதா?
– வாசகர், ஷா ஆலாம்

பதில்: இரு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறித் திறந்தும் அடைத்தும் இருப்பது உண்மை. ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895-இல் இதை விவரித்தார். சரம் (மூச்சோட்டம்) பார்த்த நம் முன்னோர் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஒரு நாசி மூச்சு எதிர்ப்பக்க மூளையை இயக்கும் என்பதற்கான ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. மெதுவான மூச்சு படபடப்பைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும்: நான்கு வினாடி இழுத்து, ஆறு வினாடி விட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி வைக்க வேண்டாம். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அளவுக்கு மீறி ஆழமாக இழுப்பதால் வருவது அது.

கேள்வி: தம்பிக்கு இரண்டு வகை மாத்திரை மாற்றியும் மனச்சோர்வு தீரவில்லை. இடப்பக்கத் தலையில் காந்தம் வைக்கும் சிகிச்சையைக் கோலாலம்பூரில் சொல்கிறார்கள். ஏன் இடப்பக்கம்? நம்பலாமா?
– வாசகி, செராஸ்

பதில்: நம்பலாம். மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை. அமெரிக்கா 2008-இல் அனுமதித்தது. மனச்சோர்வில் இடப்பக்க முன்மூளை மந்தமாகவும் வலப்பக்கம் மிகையாகவும் இயங்குகிறது என்ற கருத்தில்தான் இடப்பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நெற்றிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், வினாடிக்கு 10 காந்தத் துடிப்பு வேகத்தில் தூண்டுவார்கள். வலப்பக்கம் என்றால் வேகத்தைக் குறைத்து வினாடிக்கு ஒரு துடிப்பு. அங்கே நோக்கம் அடக்குவது. இரண்டும் பலன் தருகின்றன. அதனாலேயே இட, வலக் கணக்கு மட்டும் முழு விளக்கமாகாது, அந்தப் பகுதியோடு இணைந்த வலைப்பின்னலே மாறுகிறது என்று இப்போது கருதுகிறார்கள்.

வழக்கமான முறையில் 4 வினாடி துடிப்பு, 26 வினாடி ஓய்வு என்று ஓர் அமர்வுக்கு 3,000 துடிப்புகள், 37½ நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். 600 துடிப்புகளை மூன்றே நிமிடத்தில் தரும் புதிய முறை இதற்குக் குறைவில்லை என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மயக்க மருந்து கிடையாது. தலைத்தோலில் வலி, தலைவலி, கண்ணோரத் துடிப்பு முதல் வாரத்தில் வரும், பிறகு குறையும். வலிப்பு வருவது மிக அரிது. தலைக்குள் உலோகக் கிளிப்போ, அறுவை சிகிச்சையில் உள்காதில் பொருத்திய செவிப்புலக் கருவியோ இருந்தால் செய்யக் கூடாது. பழைய வலிப்பு, இதய முடுக்கி, தினமும் குடிக்கும் பழக்கம், தூக்கமின்மை, சாப்பிடும் எல்லா மருந்து ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். தம்பியை மனநல மருத்துவர் நேரில் பார்த்தாரா? காந்தத்தின் வலிமையை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? (கைப்பெருவிரல் துடிக்கும் அளவைக் கண்டு, அதை வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும்; எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் வேறு இடம் பாருங்கள்.) வைக்கும் இடத்தை எப்படி அளக்கிறார்கள், நாள்தோறும் அதே இடத்தில் வைக்க அடையாளத் தொப்பி உண்டா? ஓரிரு அமர்வில் மாற்றம் தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை மாத்திரையை அவர் தாமாக நிறுத்தக் கூடாது. இடையில் உயிரை விடும் பேச்சு வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.